சேற்றில் விளைந்த செல்வம்
தாணே கடற்கழியின் பூநாரைகள் கற்றுத்தரும் கணக்கு

பூநாரைகளைக் காணக் கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோ செல்ல வேண்டும் என்பது தமிழ்நாட்டு வாசகர்களின் வழக்கம். மும்பையில் வாழும் தமிழர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. செம்பூரிலிருந்தோ, மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிளிலிருந்தோ ஹார்பர் பாதை ரயிலில் ஏறிச் செவ்ரி நிலையத்தில் இறங்கினால், சிறிது தொலைவில் பழைய படகுத்துறை இருக்கிறது. பிப்ரவரி மாதக் காலைப் பொழுதொன்றில் நாம் அங்கு நின்றோம். கடல் வற்றிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள். தலைக்கு மேலே 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது. இவற்றுக்கிடையே விரிந்த கரிய சேற்றில் ஆயிரக்கணக்கான இளஞ்சிவப்புப் பறவைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. துர்நாற்றமும் பேரழகும் ஒரே இடத்தில் இருந்தன.

இவை இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அருகில் நின்ற இளைஞர் ஒருவர் கேட்டார். உண்டு என்பதே விடை. ஆனால் அந்த விடை, ‘கழிவுநீர் பறவைகளுக்கு நல்லது’ என்பதோடு முடிந்துவிடுவதில்லை. உணவு பெருகினால் உயிர்கள் பெருகும். உயிர்கள் பெருகினால் அவற்றின் வாழ்வு உறுதிப்படும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி பலவேளை தவறு. வரவு மிகுவதும் வாழ்வு நிலைபெறுவதும் ஒன்றல்ல என்பதைச் சூழலியல் அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டியுள்ளனர்.

பறவைகளை அழைத்து வந்தது எது?

செவ்ரியில் பூநாரைகள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது 1990-களில்தான். அதற்கு முன் நகரத்தார் பலர் அவற்றை இங்கு கண்டதில்லை. குஜராத்தின் கட்ச் உப்புச் சதுப்பில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகளே இவற்றுள் பெரும்பகுதி எனக் கருதப்படுகிறது. மழைக்காலம் கழிந்து நவம்பர் வாக்கில் வந்து, மே மாத இறுதியில் புறப்பட்டுவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக இவற்றைக் கணக்கெடுத்து வருகிறது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தாணே கடற்கழியிலும் அதைச் சார்ந்த நீர்நிலைகளிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இருந்தன. 2015 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு இக்கழியில் சுமார் 1,690 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் இது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

வருபவற்றுள் சிறு பூநாரைகளே மிகுதி. இவற்றின் அலகின் உட்புறம் நுண்ணிய தகடுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. சேற்றுநீரை உள்ளிழுத்து, நாவால் பிதுக்கி வெளியேற்றி, தகடுகளில் தங்கும் நீலப்பச்சைப் பாசியையும் டயாட்டம் என்னும் நுண்பாசியையும் இவை விழுங்குகின்றன. சமையலறை வடிகட்டி செய்யும் வேலைதான் அது. உருவில் பெரிய இனமான பெரும் பூநாரை, சேற்றிலுள்ள புழுக்கள், சிறு இறால்கள், நத்தைகள் முதலியவற்றையும் உண்ணும். இறகின் நிறம்கூடப் பாசியிலிருந்து வரும் நிறமியால் உண்டாவதே.

அப்பாசி இவ்வளவு விளைவதற்கு உரமிடுவது மும்பை நகரமே. நம் குளியலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வெளியேறும் நீரில் உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜனும், மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸும் உள்ளன. நாளொன்றுக்கு 200 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீரை உருவாக்கும் நகரம் இது. அதில் ஒரு பகுதி முறையாகவோ அரைகுறையாகவோ சுத்திகரிக்கப்பட்டு, இன்னொரு பகுதி சுத்திகரிக்கப்படாமலே, கழிகளிலும் கடலிலும் சேர்கிறது. காட்கோபர், பாண்டுப் ஆகிய கிழக்குப் பகுதி நிலையங்களின் நீர் தாணே கழியையே அடைகிறது. வெயிலும் ஆழம் குறைந்த வெதுவெதுப்பான நீரும் உரமும் ஒன்றுசேர்ந்தால் பாசி செழிக்காமல் என்ன செய்யும்?

இருப்பு கூடவில்லை, உண்ணும் வாய்கள் கூடின

இங்கே அறிவியலின் பழைய கதையொன்றைச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. போருக்குப் பின் இத்தாலிய மீன்சந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த உயிரியலாளர் உம்பர்ட்டோ தான்கோனா, சுறா போன்ற வேட்டை மீன்களின் விகிதம் போர் ஆண்டுகளில் உயர்ந்திருந்ததைக் கண்டு வியந்தார். காரணம் கேட்டுத் தம் மாமனார், கணிதமேதை வீட்டோ வோல்ட்டெராவிடம் சென்றார். வோல்ட்டெரா 1926-இல் அதற்குச் சமன்பாடுகள் வகுத்தார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா 1925-இலேயே தனியாக அதே முடிவை எட்டியிருந்தார். இரை பெருகினால் அதை உண்பவை பெருகும். உண்பவை பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் உண்பவையும் குறையும். மீண்டும் இரை பெருகும். ஊஞ்சல்போல் இரண்டும் மாறிமாறி ஏறி இறங்கும்.

இந்த ஊஞ்சலுக்கு உரமிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை 1971-இல் அமெரிக்கச் சூழலியலாளர் மைக்கேல் ரோசென்ஸ்வைக் எழுப்பினார். ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அவரது சிறு கட்டுரை ஆறு வெவ்வேறு கணித மாதிரிகளை ஆராய்ந்தது. ஆறும் ஒரே திசையைக் காட்டின: இரைக்கு ஊட்டம் மிகமிக, இரையும் இரைகொல்லியும் கொண்ட அமைப்பு நிலைகுலைகிறது. ‘ஊட்டத்தின் முரண்’ என்று இம்முடிவு இன்றும் பாடநூல்களில் பேசப்படுகிறது.

முரண் போலத் தோன்றும் இதனைக் குடும்பக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். உண்ணும் உயிர் தன் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ள இரை இவ்வளவேனும் கிடைக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. இரை அதற்கு மேல் போனால் உண்பவை பெருகி அதைக் கீழே இழுக்கும். குறைந்தால் உண்பவை மெலிந்து அதை மேலே விடும். ஆகவே நெடுங்காலச் சராசரியில் இரையின் இருப்பை முடிவு செய்வது உரம் அன்று, உண்பவரின் தேவையே. உரத்தால் வரும் கூடுதல் விளைச்சல் முழுவதும் உண்பவரின் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது. சம்பளம் உயர்ந்தது, சேமிப்புக் கணக்கில் இருப்பு உயரவில்லை, வீட்டில் உண்ணும் வாய்கள் மட்டும் உயர்ந்தன என்பது போன்ற நிலை இது.

இதுவரை கேடில்லை. சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. ஊட்டம் குறைந்த நீரில் பாசி, தன் உணவுத் தட்டுப்பாட்டாலேயே மட்டுப்பட்டு நிற்கும். அது ஒரு தடைக்கட்டை. ஊட்டம் மிகுந்த நீரில் அத்தடை அகன்றுவிடுகிறது. பாசியை மட்டுப்படுத்துவது இனி அதை உண்பவை மட்டுமே. ஆனால் புல் இரட்டிப்பானதும் மாட்டின் வயிறு இரட்டிப்பாவதில்லை. ஒவ்வோர் உயிரும் ஓர் அளவுக்கு மேல் உண்ண முடியாததால் பாசி கைமீறி வளர்கிறது. உண்பவை குஞ்சு பொரித்துப் பெருகி வருவதற்குக் காலம் பிடிக்கிறது. அவை வந்து சேரும்போது அளவுக்கு மிஞ்சிய கூட்டமாக வருகின்றன; பாசியை அடிமட்டம்வரை தின்று தீர்க்கின்றன; பின் தாமும் பட்டினியால் வீழ்கின்றன. ஊஞ்சலின் வீச்சு ஒவ்வொரு சுற்றிலும் அகலமாகிறது.

வீச்சு அகலமாவதன் ஆபத்து உச்சியில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது. எண்ணிக்கை மிகச் சிறிதாக இருக்கும் அந்த நேரத்தில் ஒரு நோயோ, பெருமழையோ, எண்ணெய்க் கசிவோ வந்தால் இனமே அவ்விடத்திலிருந்து மறையக்கூடும். 2010 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியதை நம் வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். அத்தகைய விபத்துகள் நாள் பார்த்து வருவதில்லை.

ஆய்வுக்கூடத்திலும் ஆப்பிரிக்க ஏரியிலும்

காகிதக் கணக்கு மெய்யாகுமா என்ற ஐயம் நியாயமானது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணாடிக் கலங்களில் குளோரெல்லா என்னும் பச்சைப்பாசியையும் அதை உண்ணும் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கையும் வளர்த்தனர். புத்தூட்டம் வந்து சேரும் வேகத்தை ஓர் அளவில் வைத்தபோது இரண்டின் எண்ணிக்கையும் அமைதியாக நின்றது. வேறோர் அளவில் வைத்தபோது ஊசலாடத் தொடங்கியது. உயிர்கள் மாறவில்லை, கலமும் மாறவில்லை. ஊட்டத்தின் வரத்து மட்டுமே மாறியது.

இயற்கையில் எப்போதும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்ண முடியாத பாசி இனங்கள் இடையில் புகுந்து ஊட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும்; இரைக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கும்; உண்பவை வேறிடம் பெயரும். இவை ஊஞ்சலின் வேகத்தைத் தணிக்கும். ஊட்டம் மிகுந்த நீர்நிலைகள் பல ஊசலாடாமல் இருப்பதற்கு இவையே காரணங்கள்.

ஆனால் பூநாரைகளின் தலைநகர் எனத்தக்க கென்யாவின் நகுரு ஏரி தரும் செய்தி வேறு. 1970-களின் தொடக்கத்தில் அந்த உப்பேரியில் நீலப்பச்சைப் பாசி கஞ்சிபோல் அடர்ந்திருந்தது. 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் சராசரியாக ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு பூநாரைகள் அங்கு மேய்ந்தன. ஒரு பறவை நாளொன்றுக்கு உலர் எடையில் சுமார் 70 கிராம் பாசி உண்டது என்று அப்போது கணக்கிட்டனர். அப்படியானால் ஒரு லட்சம் பறவைகளுக்கு நாள்தோறும் 7 டன் வேண்டும். ஒன்பது லட்சத்துக்கு 63 டன்! 1974-இல் பாசி திடீரெனச் சரிந்தது. பறவைக் கூட்டம் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. இச்சரிவுக்குப் பறவைகளின் பசி மட்டுமே காரணம் என்று கூற முடியாது. நீரின் தன்மையும் மாறியிருந்தது. எனினும் ஒரே பயிரை நம்பிய பெருங்கூட்டம் எவ்வளவு விரைவில் கலையும் என்பதற்கு அது சான்று. நகுருவின் பறவைகள் அண்டை ஏரிகளுக்குப் பறந்து பிழைத்தன. பறக்க இடம் இருந்தது என்பதே அவற்றின் காப்பீடு.

நகரின் இரு கரைகள்

தாணே கழிக்கு வருவோம். இங்கு இதுவரை பெருஞ்சரிவு நேராததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல், தேங்கும் ஊட்டத்தில் ஒரு பகுதியை அள்ளிச் செல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை கழியை அலசிவிடுகிறது. மூன்றாவதாக, உண்ணும் பறவைகள் மே மாதத்தில் புறப்பட்டு, மேய்ச்சல் நிலத்துக்கு ஐந்து மாத ஓய்வு தருகின்றன. ஊட்டம் மிகுந்தும் அமைப்பு நிற்கிறது என்றால், இந்த மூன்று கைகள் அதைத் தாங்கிப் பிடித்திருப்பதே காரணம்.

தாங்குவதற்கும் எல்லை உண்டு. பாசி பகலில் உயிர்வளியைத் தருகிறது. இரவில் அதை எடுத்துக்கொள்கிறது. இறந்து மட்கும்போது மேலும் எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உயிர்வளி 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் பல திணறத் தொடங்கும். பூநாரைக்குக் காற்றில் மூச்சு. மீனுக்கு நீரில் மூச்சு. ஆகவே பாசிப் பெருக்கத்தின் இலாபம் பறவைக்கும், அதன் இழப்பு மீனுக்கும் நண்டுக்கும் மட்டிக்கும் போய்ச் சேர்கிறது. மும்பையின் தொல்குடிகளான கோலி மீனவர்கள், கழியில் மீன்வளம் குன்றிவிட்டதெனப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். வெளியூரிலிருந்து வருபவர் படம் எடுத்துச் செல்லும் அழகு, உள்ளூர் வலைக்குள் வரும் மீனைக்கொண்டு அளக்கப்படுவதில்லை.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் காண வேறு நாட்டுக்குப் போக வேண்டாம். நகரின் மேற்குப் பக்கம் போனால் போதும். விகார், பவாய் ஏரிகளின் உபரிநீராகப் புறப்படும் மிட்டி ஆறு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடித் தாராவியின் ஓரமாக வந்து மாகிம் கழியில் கலக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பல தலைமுறைகளாக வாழும் தாராவியின் மூத்தவர்களுக்கு இந்நீர் அறிமுகமானது. இங்கும் அதே தழைச்சத்து, அதே மணிச்சத்து. அவற்றோடு எண்ணெய், சாயம், நெகிழி, பட்டறைக் கழிவு யாவும் சேர்ந்துவிட்டன. வந்து அலசும் கடல்நீரோ குறைவு. கரிய நீரில் ஊஞ்சலும் இல்லை, அதில் ஆடுவதற்கு உயிர்களும் அரிது. அருகிலேயே, குப்பைமேடாக இருந்த நிலத்தில் வளர்ந்து நிற்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, கெட்டுப்போன இடமும் திருந்தும் என்பதற்குச் சான்றாக இருக்கிறது. ஆயினும் பூங்காவின் மரங்களுக்குக் கிடைத்த கவனம் ஆற்றின் நீருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தாணே கழி அளவறிந்து உண்ணும் வீடு. மிட்டி அளவுக்கு மிஞ்சி அமிர்தமும் நஞ்சான வீடு. இரண்டுக்கும் உரமிடுவது ஒரே நகரம்.

நீர் தெளிந்தால் பறவைகள் போய்விடுமா?

இந்நிலையில்தான் ஒரு நல்ல செய்தி, ஒரு கவலையையும் உடன் கொண்டுவருகிறது. 2023 ஜனவரி 19 அன்று மும்பையில் ஏழு புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். வொர்லி, பாந்த்ரா, மலாட், வெர்சோவா, காட்கோபர், பாண்டுப், தாராவி ஆகிய ஏழு இடங்களிலும் சேர்த்து நாளொன்றுக்கு 2,464 மில்லியன் லிட்டர், அதாவது ஏறத்தாழ 246 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிப்பது நோக்கம். இதில் தாராவி நிலையத்தின் பங்கு மட்டும் 418 மில்லியன் லிட்டர். செலவு மதிப்பீடு சுமார் 17,200 கோடி ரூபாய்.

இவை முழுமையாக இயங்கினால் கழிக்கு வரும் உரம் குறையும், பாசி குறையும், பூநாரைகளும் குறையலாம். அப்படியானால் அழுக்கைக் காப்பது அழகைக் காப்பதாகுமா? சிலர் பாதி வேடிக்கையாகக் கேட்கும் இக்கேள்விக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம் விடை தருகிறது. அங்குள்ள வாஷிங்டன் ஏரியில் கழிவுநீர் கலந்து, 1960-களின் தொடக்கத்தில் நீலப்பச்சைப் பாசி நிறைந்து, ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூடப் பார்வை செல்லாத நிலை வந்தது. மக்கள் தாமே வாக்களித்து வரிச்சுமையை ஏற்றனர். 1963 முதல் 1968-க்குள் கழிவுநீர் முழுதும் வேறு வழியில் திருப்பப்பட்டது. ஏரி தெளிந்தது. எவரும் திட்டமிடாத ஒன்றும் நிகழ்ந்தது: இழை இழையாக வளர்ந்து வாயை அடைத்த பாசி மறைந்ததும், நல்ல பாசியை மேயும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு 1976-இல் பெருகி, நீரை முன்னினும் தெளிவாக்கியது. ஊட்டம் குறைந்தபோது உண்ணும் உயிர் அழியவில்லை. தனக்கேற்ற உயிர் வந்து நிலைபெற்றது.

மும்பைக் கழியிலும் அப்படியே நடக்கும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். அது ஏரி, இது கடலோடு இணைந்த கழி. ஒரு லட்சம் பறவைகள் அறுபதாயிரமாகலாம். ஆனால் பாசி ஒன்றையே நம்பிய ஒரு லட்சத்தைவிட, மீனும் நண்டும் புழுவும் பாசியும் சேர்ந்து தாங்கும் அறுபதாயிரம் உறுதியான செல்வம். ஒரே கடனாளியிடம் முழுத் தொகையையும் ஒப்படைக்கும் வங்கியை நாம் மெச்சுவதில்லை அல்லவா? எண்ணிக்கை குறைவதைத் தோல்வி எனப் படிக்காமலிருக்க, நகரத்தார் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

பறவைகளுக்கு உண்மையான பகை நீர் தெளிவதன்று, இடம் சுருங்குவதே. சேற்றுவெளிகளை மண்ணிட்டு மூடுவதும், சிறு நீர்நிலைகளுக்குக் கடல்நீர் வரும் வழியை அடைப்பதும் நகுருவின் பறவைகளுக்குக் கிடைத்த காப்பீட்டை மும்பையின் பறவைகளிடமிருந்து பறிப்பதாகும்.

வீட்டிலிருந்து தொடங்கும் வரவு

நம் பங்கு சிறிதாயினும் கணக்கில் வருவதே. எஞ்சிய எண்ணெயையும் சோற்றையும் குழம்பையும் கழுவுதொட்டியில் கொட்டாமல் குப்பையில் சேர்க்கலாம். பாஸ்பேட் கலவாத சலவைத்தூளைத் தேர்ந்தெடுக்கலாம். தேவைக்கு மேல் தூள் போடாதிருக்கலாம். குடியிருப்புச் சங்கத்தில் பொறுப்பிலுள்ளோர், தம் கட்டடத்தின் கழிவுக்குழாய் மழைநீர்க் கால்வாயில் இணைக்கப்பட்டுள்ளதா என்று ஒருமுறை சரிபார்க்கலாம். மழைநீர்க் கால்வாயில் இறங்கும் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் காணாமல் நேரே கழிக்குச் செல்லும்.

பறவைகளைக் காண விரும்புவோர் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செல்வது நல்லது. ஓதப் பட்டியலைப் பார்த்து, கடல் முழுதும் ஏறுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்னரோ, இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலோ சென்றால் பறவைகள் கரைக்கு அருகில் இருக்கும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பறவைகள் எத்தனை என்று அவர்கள் எண்ணட்டும். திரும்பும் வழியில் படகுத்துறையில் வலை உலர்த்தும் மீனவரிடம் இன்று என்ன மீன் கிடைத்தது என்றும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு விடைகளையும் சேர்த்துப் படித்தால்தான் கழியின் கணக்கு முழுமை பெறும்.